ஐப்பசியில் மேற்கே போகும் சாலை

திருநெல்வேலியிலிருந்து மேற்கே கிளம்பும் சாலைகளில் இரண்டு மலையைத் தொடுகின்றன. முதலாவது சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சிக்கு வருகிறது. அங்கே ஒரு கிளை பிரிந்து மணிமுத்தாறு அணையைக் கடந்து மாஞ்சோலைக்கு ஏறுகிறது. இன்னொரு கிளை அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசம் போகிறது. இரண்டாவது சாலை ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டையை அடைந்து, ஆரியங்காவு கணவாயில் புகுந்து கேரளத்தில் இறங்குகிறது. அம்பாசமுத்திரத்தையும் தென்காசியையும் கடையம் சாலை இணைப்பதால், ஒரு சனி, ஞாயிறில் இந்த இரண்டு வழிகளையும் ஒரே சுற்றாகப் பார்த்துவிட்டு நெல்லைக்குத் திரும்பிவிடலாம்.

இந்தச் சுற்றை ஆடியில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும் செய்பவருக்கு அது ஒரே ஊராகவே தெரியாது. ஆடியில் பாளையங்கோட்டைத் தெருக்களில் புழுதி பறக்கும். வானத்தில் மேகம் ஓடும், ஒரு சொட்டுகூட விழாது. ஐம்பத்து சொச்சம் கிலோமீட்டர் தள்ளித் தென்காசியைத் தாண்டினால் சாரல் முகத்தில் அடிக்கும், குற்றாலம் பேரருவியில் கூட்டம் நெரியும். அதே நாளில் மணிமுத்தாறு அணை பெரும்பாலும் வற்றிக் கிடக்கும். ஐப்பசியில் எல்லாம் மாறிவிடும். மேகம் கிழக்கேயிருந்து வரும், பாளையங்கோட்டையே நனையும், மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளில் நாள்கணக்கில் கொட்டும், மணிமுத்தாறு நிரம்பத் தொடங்கும். மலை நகரவில்லை. அதே மலை ஒரு பருவத்தில் மழையைத் தடுப்பதாகவும் இன்னொரு பருவத்தில் மழையைத் தருவதாகவும் தோன்றுவது ஏன்?

இன்னொரு புதிரும் உண்டு. காஷ்மீரிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே அக்டோபர், நவம்பரில் மலையூர்ப் பயணம் போகிறவர்கள் சிவந்தும் மஞ்சளாகியும் நிற்கும் மரங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். இந்தப் பொதிகை மலையின் காடுகளோ அந்த மாதங்களில்தான் ஆண்டிலேயே மிக அடர்ந்த பச்சையில் இருக்கின்றன. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இலையுதிர் காலம் என்று ஒன்று அந்த ஆறில் இல்லை. இரண்டு புதிருக்கும் விடை காற்றிலும் நீரிலும் இருக்கிறது.

பள்ளிப் பாடங்களில் ‘மலைகள் மேகங்களைத் தடுத்து மழை பெய்விக்கின்றன’ என்று படித்திருப்போம். இது பாதிதான் சரி. வரும் வழியில் மேகமே இல்லாமல் வெறும் ஈரக்காற்று மட்டும் வந்தாலும், மலை அதிலிருந்து மேகத்தை உண்டாக்கிவிடும். காற்றுக்கு எடை உண்டு. மேலே இருக்கும் காற்றின் எடை கீழே இருக்கும் காற்றை அழுத்துகிறது. மேலே போகப் போக அந்த அழுத்தம் குறையும். மலைச்சரிவில் மோதி வேறு வழியின்றி மேலேறும் காற்று, அழுத்தம் குறைந்த இடத்துக்கு வந்ததும் விரிகிறது. விரிவதற்குச் செலவாகும் ஆற்றலைத் தன்னிடமுள்ள வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சைக்கிள் டயரின் வால்வைத் திறந்து விரலைக் காட்டினால் பீறிட்டு வரும் காற்று சில்லென்றிருப்பதும் இதே காரணத்தால்தான். வெளியிலிருந்து யாரும் குளிரூட்டவில்லை, விரிவதாலேயே குளிர்கிறது. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் குறையும்.

குளிர்ந்த காற்றில் அதிக நீராவி தங்காது. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்பார்கள். ஐப்பசி மாதத்து நண்பகலில் கல்லிடைக்குறிச்சியில் வெப்பம் 31 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்று கொள்வோம். இடைவெளி 7 டிகிரி. ஏறும் காற்று குளிரும்போது அதன் பனிநிலையும் சற்றே இறங்குவதால், ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் ஏறத்தாழ 125 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். ஆக 875 மீட்டர் உயரத்தில் மேகம் தொடங்கும். அன்று மணிமுத்தாறு சோதனைச்சாவடியிலிருந்து மேலேறும் வண்டி அந்த உயரத்தைத் தொடும் வளைவில் மேகத்துக்குள் நுழையும். கீழ் வளைவு வரை அணையின் நீர்ப்பரப்பும் வயல்களும் தெளிவாகத் தெரிந்திருக்கும்; அடுத்த வளைவில் கண்ணாடியில் ஈரம் படர்ந்து, முன்னால் போகும் ஜீப்பின் பின்விளக்கு மட்டும் தெரியும். தரையில் நின்று பார்க்கும்போது மலைமேல் மேகத்தின் அடிப்பக்கம் ஒரே மட்டமாக வெட்டியதுபோல் இருப்பதன் காரணமும் இதுதான். மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதனால் அங்கே வசித்தவர்கள் மூடுபனி என்று சொன்னது, கல்லிடைக்குறிச்சிக்காரர் கண்ணுக்கு மேகமாகவே இருந்தது.

மழை பெய்து இரவெல்லாம் நனைந்த தரையில் விடியற்காலை வெப்பம் 26 டிகிரிக்கு இறங்கி, பனிநிலை அதே 24-இல் நின்றால் இடைவெளி 2 டிகிரிதான். அப்போது 250 மீட்டரிலேயே மேகம் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற மேகத்தின் அடி உயரும். தரையில் அளக்கும் வெப்பத்தையும் பனிநிலையையும் கொண்டே மலைமேல் மேகம் எங்கே தொடங்கும் என்று ஓரளவு சரியாகச் சொல்லிவிட முடிவது அழகான விஷயம்.

மேகம் உருவாகத் தொடங்கிய பிறகு குளிரும் வேகம் குறைகிறது. நீராவி துளியாக மாறும்போது, முன்பு கடலில் அது ஆவியானபோது உறிஞ்சிய வெப்பத்தைத் திருப்பிக் காற்றில் விடுகிறது. ஆகவே மேகத்துக்குள் ஏறும் காற்று நூறு மீட்டருக்கு அரை டிகிரி அளவுதான் குளிரும். ஆடி மாதத்துப் பாளையங்கோட்டை வெக்கை இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று அரபிக்கடலிலிருந்து வருகிறது. கேரளக் கடற்கரையில் 28 டிகிரி வெப்பமும் 25 டிகிரி பனிநிலையும் கொண்ட காற்று பொதிகையின் மேற்குச் சரிவில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 375 மீட்டர் வரை விரைவாகக் குளிர்ந்து 24 டிகிரிக்குச் சற்று மேலே வரும். அங்கிருந்து 1,500 மீட்டர் வரை மேகத்துக்குள் மெதுவாகக் குளிர்ந்து 19 டிகிரிக்கு வந்து நிற்கும். வழியில் ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளச் சரிவிலேயே மழையாக இறக்கிவிடும். மறுபக்கம் இறங்கும்போது மேகம் இல்லை. இறங்கும் வழி முழுவதும் நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடாகும். நெல்லைச் சமவெளிக்கு வரும்போது 33, 34 டிகிரி ஆகிவிடும். ஒரே காற்று, மலையை ஏறி இறங்கியதாலேயே ஐந்தாறு டிகிரி சூடேறி, ஈரம் குறைந்து வந்திருக்கிறது. அதன்மேல் வெயிலும் சேர்கிறது. இப்படிக் காய்ந்த காற்று இறங்கும் பக்கத்தை மழை மறைவுப் பகுதி என்பார்கள். பாளையங்கோட்டையின் ஆண்டு மழை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அதில் இந்த நான்கு மாதங்களின் பங்கு பத்தில் ஒன்றை எட்டுவதே அரிது.

அப்படியானால் அதே மழை மறைவுப் பக்கத்தில் இருக்கும் குற்றாலத்தில் மட்டும் சாரல் எப்படி? இதற்கு நிலவியலும் துளியின் அளவும் சேர்ந்து விடை சொல்கின்றன.

தெற்கே அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. செங்கோட்டைக்கு அருகே மலைத்தொடர் சட்டென்று தணிந்து, ஆரியங்காவில் சில நூறு மீட்டர் உயரமே உள்ள கணவாயாகிறது. பூமியின் மேலோட்டில் இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த மிகப் பழைய கோடு ஒன்று இவ்வழியே வடமேற்கு தென்கிழக்காக ஓடுகிறது. புவியமைப்பியலார் அதை அச்சன்கோவில் ஆற்றின் பெயரால் குறிக்கிறார்கள். நசுங்கித் தளர்ந்த பாறை எளிதில் அரிபடும். கோடிக்கணக்கான ஆண்டுகளின் மழையும் ஓடைகளும் அந்த இடத்தை மட்டும் ஆழமாக அரித்துவிட்டன. மனிதரும் அந்தத் தாழ்வையே தேடிப் போனார்கள். 1904-இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த மீட்டர்கேஜ் ரயில் இவ்வழியே வந்தது. அகலப்பாதைப் பணி 2018-இல் நிறைவடைந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தோடு இருந்ததற்கும் இந்த எளிய வழியே துணை.

காற்றும் அதே வழியைத்தான் தேடுகிறது. உயர்ந்த மலையில் ஏறித் தன் ஈரத்தையெல்லாம் இழக்கும் காற்றைவிட, கணவாய் வழியாகவும் அதை ஒட்டிய தாழ்ந்த முகடுகள் மேலாகவும் வரும் காற்றில் ஈரம் அதிகம் மிஞ்சியிருக்கும். முகட்டின் மேலே உருவான மேகத்தின் துளிகள் கீழே விழுவதற்குள் காற்று அவற்றைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இங்கேதான் துளியின் அளவு முக்கியமாகிறது. சாரல் துளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த அளவுத் துளி நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர எட்டு நிமிடத்துக்கு மேலாகும். மேல்காற்று நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வீசினால் அதற்குள் அந்தத் துளி ஐந்து கிலோமீட்டர் நகர்ந்துவிடும். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையே உள்ள தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். நான்கைந்து மில்லிமீட்டர் பருமனுள்ள பெருந்துளியாக இருந்தால் நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் இரண்டு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். மலைக்கு அந்தப்புறமே தங்கிவிடும். சட்டைக் கையில் விழுந்த சாரலை உற்றுப் பார்த்தால் துளிகள் நூலில் ஊறாமல் பொடிப்பொடியாய் மேலே நிற்பது தெரியும். நடந்துகொண்டே இருந்தால் ஆளை நனைக்காமல் தூவிக்கொண்டே வருவதற்கும் அந்தப் பொடி அளவே காரணம். கிழக்கே போகப் போகக் காய்ந்த காற்றில் துளிகள் வழியிலேயே ஆவியாகின்றன. ஈரம் தீர்ந்த பிறகும் காற்றின் வேகம் தீர்வதில்லை. ஆலங்குளம், சுரண்டை தொடங்கிக் கயத்தாறு வரை காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டிக் காற்று திசை மாறுகிறது. சூரியன் தென்பாதிக்கு நகர, ஆசியப் பெருநிலம் குளிரத் தொடங்க, அரபிக்கடலிலிருந்து வந்த காற்று ஓய்ந்து வங்காள விரிகுடாவிலிருந்து வீசத் தொடங்குகிறது. தூத்துக்குடி மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் கீழைக்காற்று இது. இப்போது மலையின் கிழக்குச் சரிவு காற்றுக்கு முகம் கொடுக்கிறது. சமவெளியிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி வரை படிப்படியாக உயரும் சரிவில் ஈரக்காற்று ஏறி, ஆடியில் கேரளப் பக்கம் நடந்தது இப்பக்கம் நடக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் இருப்பது இதனால்தான். மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்பு இந்தச் சரிவில் விழுவதால் 118 அடி அணை ஐப்பசி, கார்த்திகையையே பெரிதும் நம்பியிருக்கிறது. பாபநாசம் அணையின் நீர்ப்பிடிப்போ முகட்டை ஒட்டி உள்ளே ஆழமாகக் கிடக்கிறது. அதனால் அதற்கு இரண்டு பருவத்திலும் பங்கு உண்டு.

மழையின் குணமும் வேறு. ஆடிச் சாரலைத் தரும் மேகங்கள் பெரும்பாலும் தாழ்ந்தவை. உச்சி உறைநிலை உயரத்தைத் தொடுவதில்லை, எனவே இடியும் அரிது. ஐப்பசியில் காற்று மந்தம். பகல் வெயிலில் சூடான ஈரக்காற்று மலைச்சரிவின் உந்துதலும் சேர்ந்து செங்குத்தாக எழுந்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகமாக வளரும். அதன் மேற்பகுதியில் பனிக்கட்டித் துகள்கள் உண்டாகி, ஒன்றோடொன்று மோதும்போது மின்னூட்டம் பிரிகிறது; மின்னல் அங்கே பிறக்கிறது. பனிக்கட்டிகள் கீழே வரும்போது உருகிப் பெருந்துளிகளாகின்றன. இந்த வளர்ச்சிக்குப் பகல் முழுதும் வெயில் தேவைப்படுவதால் அக்டோபர் மழை பிற்பகலிலும் மாலையிலும் வருவது வழக்கம். ஆரியங்காவைக் கடந்து தென்மலைக்கு இறங்கினாலும் இதே மாலை இடிமழைதான். மலையாளிகள் அதைத் துலாவர்ஷம் என்கிறார்கள். மலையேற்றத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லும் வண்டியோட்டிகளின் பழக்கத்துக்கு நல்ல இயற்பியல் காரணம் இருக்கிறது.

ஆனால் மலை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக எண்ணிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடலை ஒட்டி நிலைகொண்ட காற்றுச்சுழற்சியால் பெய்த மழை அதற்குச் சான்று. 18-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் கடற்கரையோரம் மலையே இல்லாத காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரில் 69. பாளையங்கோட்டையின் ஓராண்டு மழையைவிட அதிகமானது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியிருக்கிறது. பல திசைகளிலிருந்து வந்து குவியும் ஈரக்காற்று, போக வேறு இடமின்றி மேலே எழுந்தாலும் விளைவு மலையேறியது போன்றதே. மேலெழுச்சி வேண்டும், அதை மலைச்சரிவு தரலாம், வெயில் தரலாம், காற்றின் குவிவும் தரலாம். மலைச்சரிவும் காற்றின் குவிவும் ஒரே நேரத்தில் கூடும்போது தாமிரபரணி ஆறு கரை கடக்கிறது. 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் நெல்லை நகரத்துக்குள் ஆறு வந்தது அப்படித்தான்.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? முதல் சான்று மழைமானி. திறந்த வெளியில் நிற்கும் ஓர் உருளை, மேலே புனல், உள்ளே சேகரிக்கும் குடுவை. காலை 8.30 மணிக்கு ஒருவர் போய்க் குடுவையிலுள்ள நீரை அளவுகோல் போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நீர்மட்டம் நிற்கும் கோட்டைப் படித்து, குறிப்பேட்டில் எழுதுகிறார். அந்த எண் முந்தைய 24 மணி நேரத்தின் மழை. கொட்டும் மழையிலும் அந்த நேரம் தவறாமல் போய்ப் படித்தவர்கள் எழுதிவைத்த எண்களால்தான், அம்பாசமுத்திரத்துக்கும் ஊத்துக்கும் இடையே சில பத்து கிலோமீட்டரில் மழை எத்தனை மடங்கு கூடுகிறது என்று இன்று பேச முடிகிறது. இந்தப் பணிக்கு இன்னும் கூடுதல் மதிப்பு கிடைக்க வேண்டும்.

மலையின் உச்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பியவர் ஜான் ஆலன் பிரௌன். திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநராக 1852-இல் பொறுப்பேற்ற இந்த ஸ்காட்லாந்துக்காரர், அகத்தியர் மலை உச்சியை ஒட்டி 1855-இல் ஓர் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். யானையும் அட்டையும் நிறைந்த காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து ஏற்றி, காந்த ஊசியின் அசைவையும் வானிலையையும் கீழே திருவனந்தபுரத்தில் குறிக்கும் அதே வேளைகளில் மேலேயும் குறிக்கச் செய்தார். காந்த அளவீடுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. ஒரே காற்றைக் கீழேயும் மேலேயும் ஒரே கணத்தில் அளக்க வேண்டும் என்ற அந்த எண்ணம்தான் இன்று பலூனில் கட்டி அனுப்பும் வானிலைக் கருவிகள் வரை தொடர்கிறது.

மழைமானி எவ்வளவு பெய்தது என்று சொல்லும். எந்தக் கடலின் நீர் என்று சொல்லாது. அதற்கு வேறொரு வழி இருக்கிறது. நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஐந்நூற்றில் ஒன்று சற்றுக் கனமானது. வேதிக்குணம் ஒன்றாகவே இருந்தாலும் எடை கூடுதல். இப்படிப்பட்ட அணுவகைகளை ஐசோடோப்புகள் என்பார்கள். மேகத்தில் நீராவி துளியாகும்போது கனமான ஆக்சிஜனைக் கொண்ட நீர் முந்திக்கொண்டு துளியாகும். ஆகவே நெடுந்தூரம் மழையாகப் பெய்துகொண்டே வந்த காற்றில் மிஞ்சும் ஈரம் லேசானதாக இருக்கும். அரபிக்கடலைத் தாண்டியதும் கேரளக் கரையில் பெய்யும் தென்மேற்கு மழையைவிட, வங்கக்கடலின் தாழ்வழுத்தங்களில் பெய்து பெய்து வரும் வடகிழக்கு மழை லேசானது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு கிணற்று நீரையோ ஆற்று நீரையோ இப்படி அளந்தால், அதில் எந்தப் பருவத்தின் பங்கு அதிகம் என்று கணிக்க முடியும்.

இரண்டு கடல்களின் நீரும் வந்து சேர்வதால்தான் ஏறத்தாழ 125 கிலோமீட்டரே நீளமுள்ள தாமிரபரணி, தமிழகத்தின் நீளமான ஆறுகள் பலவும் மணலாகக் கிடக்கும் மாதங்களிலும் ஓடுகிறது. நெல்லை உழவர்கள் இதைத் தங்கள் நாட்காட்டியாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஆனியில் மேல்மலை மழை ஆற்றில் இறங்கியதும் கார் சாகுபடி. ஐப்பசி மழையோடு பிசானம். தலைமேல் மழையே இல்லாத பருவத்தில், கண்ணுக்குத் தெரியாத முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் காற்றை நம்பி நாற்று விட்டது பெரிய அறிவு. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளும் அவற்றின் கால்வாய்களும் அந்த நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டவை.

இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஆற்றை ஓட வைப்பது காடு. பசுமைமாறாக் காட்டின் தரையில் மட்கிய இலையும் வேரும் சேர்ந்த மண் மழையை உறிஞ்சி, பல வாரங்களுக்கு ஊற்றாகக் கசியவிடுகிறது. அந்த மண்ணாலும் எல்லா மழையையும் தாங்க முடியாது. குற்றாலத்துக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்பு சிறியது, செங்குத்தானது. முகட்டில் ஒரு மணி நேரம் கொட்டினால் அந்த நீர் மிகக் குறைந்த நேரத்தில் அருவிக்கு வந்துவிடும். கீழே குளிப்பவர் தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படித் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அருவி நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அந்தக் கணமே வெளியேற வேண்டும். காவலர் விசில் அடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

இனி இலைகளின் கதை. குளிர்நாடுகளில் இலை நிறம் மாறுவது மரத்தின் சிக்கன நடவடிக்கை. குளிர்காலத்தில் தண்ணீர் உறையும், வெளிச்சம் குறையும். இலையை வைத்துக்கொள்வது நட்டம். எனவே மரம் முதலில் பச்சையத்தை உடைத்து அதிலுள்ள நைட்ரஜனைத் திரும்ப எடுத்துக் கிளையில் சேமிக்கிறது. பச்சை போனதும், கோடை முழுதும் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன. சில மரங்கள் கடைசி நாட்களில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாகவும் உண்டாக்குகின்றன. இதையெல்லாம் தொடங்கி வைப்பது குறுகும் பகலும் வரும் குளிரும். ஸ்ரீநகரில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. அங்கே சினார் மரங்கள் அக்டோபர் கடைசியில் சிவக்கின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகைக்குள் இருக்கும் பாபநாசத்தில் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். உறைபனியும் இல்லை. ஐப்பசியில் இலையை உதிர்ப்பதற்கு இங்குள்ள மரத்துக்கு ஒரு காரணமும் இல்லை. தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் மாதங்கள் அவை.

இங்கே சிக்கனம் தேவைப்படுவது தை கழிந்த பிறகுதான். மழை நின்று, மண் காய்ந்து, மலையடிவாரத்திலும் முண்டந்துறைப் பகுதியிலும் உள்ள தேக்கும் வேங்கையும் மருதும் மாசி, பங்குனியில் இலையுதிர்க்கின்றன. இலை வழியே ஆவியாகும் நீரை மிச்சப்படுத்தும் வழி அது. பெரும்பாலும் நிறத் திருவிழா ஏதுமின்றி, பழுத்துப் பழுப்பாகி விழுகின்றன. பொதிகையில் சிவப்பைப் பார்க்க வேண்டுமானால் உதிரும் இலையை விட்டுவிட்டுத் துளிர்க்கும் இலையைப் பார்க்க வேண்டும். அதே மாசி, பங்குனியில் அடிவாரக் காட்டின் பூவத்தி மரங்கள் செக்கச் சிவந்து துளிர்க்கின்றன. மேலே பசுமைமாறாக் காட்டில் நாங்கு மரம் கொத்துக் கொத்தாகச் சிவந்த தளிர்களைத் தொங்கவிடுகிறது. வழக்கில் மாந்தளிர் நிறம் என்போமே, அதன் பல சாயல்கள் ஒரே சரிவில் கிடைக்கும்.

பிறந்த இலை ஏன் சிவக்க வேண்டும்? பனாமாவின் பர்ரோ கொலராடோ தீவுக் காட்டில் ஃபில்லிஸ் கோலியும் தாமஸ் குர்சாரும் நெடுங்காலம் செய்த ஆய்வுகள் இதில் பெரும் வெளிச்சம் தந்தன. இலைகளைக் குறியிட்டு வைத்து, பூச்சி தின்ற பரப்பை மீண்டும் மீண்டும் அளந்தபோது, வெப்பமண்டலக் காட்டில் ஓர் இலை தன் வாழ்நாளில் அடையும் சேதத்தின் பெரும்பகுதி, அது முற்றுவதற்கு முன்பான சில வாரங்களிலேயே நிகழ்வது தெரிந்தது. முற்றிய இலை தடித்தது, கடிக்கக் கடினமானது. தளிர் மெல்லியது, சத்து மிகுந்தது. ஆகவே பல மரங்கள் தளிர் முற்றும்வரை அதில் பச்சையத்தையும் நைட்ரஜனையும் முதலீடு செய்வதில்லை. பூச்சி தின்றாலும் மரத்துக்குப் போவது குறைவு. பச்சை வராத அந்த இடைவெளியில் ஆந்தோசயனின் வெளியே தெரிகிறது. கடும் வெயிலில் இளம் திசுவை அது காக்கிறது என்றும், பூஞ்சைகளைத் தடுக்கிறது என்றும் விளக்கங்கள் உண்டு; எந்த மரத்தில் எது முதன்மையானது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

ஆக, நிறத்துக்காகப் போகிறவர் மாசி, பங்குனியிலும், நீருக்காகப் போகிறவர் ஐப்பசி, கார்த்திகையிலும் போகலாம். மாஞ்சோலைச் சாலையும் பாபநாசத்துக்கு மேலேயுள்ள காரையாறு சாலையும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதி வேண்டும். பெருமழை நாட்களில் மண்சரிவுக்கு அஞ்சி வழியை மூடுவதும் உண்டு. அப்படி மூடியிருந்தால் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கடையம் வழியே தென்காசிக்குப் போகலாம். இடப்புறம் மலை கூடவே வரும். மேகத்தின் அடி எந்த உயரத்தில் நிற்கிறது, எந்த மடிப்பில் மழை இறங்குகிறது, எந்தப் பாறையில் புதிதாக நீர் வழிகிறது என்பதெல்லாம் அந்தச் சாலையிலிருந்தே தெரியும்.